புளிப்பைக் காக்கும் திராட்சைகள்

திராட்சையின் நிறம் தோலில் இருக்கிறது. ஒரு சில வகைகளைத் தவிர, கறுப்புத் திராட்சையானாலும் பச்சைத் திராட்சையானாலும் பிழிந்த சாறு வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். சிவப்பு ஒயினுக்குத் தோலையும் விதையையும் சாறோடு ஊறவிட்டு நொதிக்க வைக்கிறார்கள். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்த கையோடு தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். செய்முறையில் வேறுபாடு சிறியது, விளைவு பெரியது. தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு சிவப்பு ஒயினுக்குக் கனம் தருகிறது. பழத்தில் இருந்த குறைகளையும் ஓரளவு மூடிவிடுகிறது. வெள்ளை ஒயினுக்கு அந்த வசதி இல்லை. அதைத் தாங்கி நிறுத்துவது புளிப்பு ஒன்றுதான்.

அந்தப் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களால் வருவது. ஒன்று டார்டாரிக் அமிலம். குழம்புக்குக் கரைக்கும் புளியில் இருப்பதும் இதுவே. இந்த அமிலம் செறிவாக இருக்கும் பழங்கள் உலகில் அதிகமில்லை. திராட்சையும் புளியும் அந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவை. மற்றொன்று மாலிக் அமிலம், ஆப்பிளின் புளிப்பு. கொடியில் பழுக்கும் பழம் சுவாசிக்கிறது. அந்தச் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. வெயில் கடுமையாகி, இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் செலவு கூடுகிறது: சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அப்படிப்பட்ட பழத்தில் செய்த வெள்ளை ஒயின் மந்தமாக இருக்கும். ஆல்கஹால் நெடி மட்டும் மேலோங்கும். உலகின் பேர்பெற்ற வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் குளிர்ந்த பகுதிகளிலிருந்து வருவதற்கு இதுதான் காரணம். தென்னிந்தியாவில் எது புகழ்பெற்ற திராட்சை என்பதைவிட எது புளிப்பைக் காக்கும் என்ற கேள்வி முந்திக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை அந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான இடம். சாமை, தேன், பலா, புளி, சந்தனம் என்று அறியப்பட்ட மலை இது. ஒயினுக்காக யாரும் தேடிப் போகிற ஊரல்ல. ஆனால் மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், வடமேற்கே கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக பிரெஞ்சுத் திராட்சைகளிலிருந்து ஒயின் தயாராகிறது. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ்நாட்டின் பன்னீர் திராட்சை விளைகிறது. உயரம், அட்சரேகை, மழை மூன்றையும் வைத்து இவ்விரண்டுக்கும் இடையில் ஜவ்வாது மலையை நிறுத்திப் பார்த்தால், வெள்ளை ஒயின் திராட்சைகளின் குணம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது.

ரசிகர்களின் பட்டியல்

வெள்ளை ஒயின் ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் பெரும்பாலும் ஷார்டொனே. அதன் தாயகம் பிரான்சின் பர்கண்டி. அங்கே அதே பெயரில் ஒரு கிராமமும் உண்டு. இந்த உயர்குடித் திராட்சையின் பிறப்பு 1999 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு பெற்றோர் பினோ என்ற திராட்சை என்று தெரிந்தது. அது எதிர்பார்த்ததே. மற்றொன்று குவே ப்ளாங்க். நடுக்கால ஐரோப்பாவில் குடியானவர்கள் வளர்த்த மட்டமான கொடி அது. பயிரிடக் கூடாது என்று பல இடங்களில் தடையே போட்டிருந்தார்கள். குலப் பெருமை பேசும் ஒயின் உலகத்துக்கு மரபணு ஆய்வு வைத்த குட்டு என்று இதைச் சொல்லலாம்.

ஷார்டொனேக்குத் தனக்கென்று வலுவான மணம் கிடையாது. அதனால்தான் தயாரிப்பாளர்களுக்கு அதன்மேல் அத்தனை பிரியம்: மண்ணும் பீப்பாயும் கைவேலையும் அதில் பளிச்சென்று தெரியும். பர்கண்டியின் வடகோடியில் இருக்கும் ஷப்ளியில், சிப்பிப் புதைபடிமங்கள் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்டொனே கூர்மையான புளிப்போடு, பெரும்பாலும் ஓக் வாசனை இல்லாமல் வருகிறது. தெற்கே மெர்சோவில் அதே திராட்சை ஓக் பீப்பாயில் நொதித்து, மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி, வெண்ணெய் மணத்தோடு வருகிறது. அந்த வெண்ணெய் மணத்துக்குக் காரணம் டையசிட்டைல்; உண்மையான வெண்ணெயின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சோதனையில், பெயர் மறைத்து வைத்த பத்து ஷார்டொனேக்களை பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தார்கள். முதலிடம் கலிபோர்னியாவின் ஷாத்தோ மாண்டலீனாவின் 1973ஆம் ஆண்டு ஒயினுக்குப் போயிற்று. அதன்பின் ஷார்டொனே உலகெங்கும் பரவியது. 2015 கணக்கில் உலகப் பரப்பு ஏறத்தாழ 2,10,000 ஹெக்டேர். பரவிய வேகத்தில் ஓக்கும் வெண்ணெயும் அளவு மீறிப்போக, ஷார்டொனே தவிர எது வேண்டுமானாலும் கொடு என்று கேட்கும் ஒரு கூட்டமும் 1990களில் உருவானது.

அந்தக் கூட்டத்துக்கு அடைக்கலம் கொடுத்தது சோவின்யோன் ப்ளாங்க். இதன் மணத்தை மறைக்க எந்தப் பீப்பாயாலும் முடியாது. குடைமிளகாய்க்கு மணம் தரும் பைரசின் வகைச் சேர்மங்கள் இதிலும் உண்டு. பழம் முற்றாதபோது பச்சை வாசனை தூக்கலாக இருக்கும். முற்ற முற்ற அது குறைந்து, கந்தகம் கலந்த தயால் சேர்மங்களின் கொய்யா, பம்பளிமாஸ் போன்ற மணம் மேலே வரும். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் சான்செர், பூயி-ஃப்யூமே ஊர்களில் இது அடக்கமாகப் பேசும். நியூசிலாந்தின் மார்ல்பரோவில் 1970களில் நடப்பட்ட கொடிகள் உரக்கப் பேசின; உலகம் அந்தக் குரலுக்கே மயங்கியது. சிவப்பு ஒயின்களில் அரசனான கபர்னே சோவின்யோனின் பெற்றோரில் ஒன்று இந்த வெள்ளைத் திராட்சை என்பதும் 1990களில் டேவிஸ் ஆய்வுகளில் வெளிவந்ததுதான்.

ஒயின் எழுத்தாளர்களைத் தனியாக விசாரித்தால் பலர் சொல்லும் பெயர் வேறு: ரீஸ்லிங். ஜெர்மனியின் ரைன், மோசல் பள்ளத்தாக்குகளின் கொடி. 1435ஆம் ஆண்டின் ஒரு கணக்கேட்டிலேயே இதன் பெயர் பதிவாகியிருக்கிறது. புளிப்பு இதில் அபாரம். அதனால் இனிப்பே இல்லாமலும் செய்யலாம், தேனைப் போல இனிக்கவும் செய்யலாம், இரண்டிலும் திகட்டாது. பல பத்தாண்டுகள் புட்டியில் கிடந்தும் கெடாது. வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாசனை எழும். முதன்முறை முகர்பவர் புட்டி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். பழகியவர் அதைத் தேடிப் போவார். வெயில் நேரடியாகப் படும் பழத்தில் அந்த வாசனைக்கான மூலப்பொருள் கூடுதலாகச் சேரும் என்பதால், வெப்ப நாட்டில் ரீஸ்லிங் சீக்கிரமே மண்ணெண்ணெய்ப் பக்கம் சாயும் அபாயம் உண்டு. எழுத்தாளர்களின் அன்பு எவ்வளவு இருந்தும் சந்தையில் ரீஸ்லிங் ஷார்டொனேயை நெருங்கியதில்லை. இனிப்பா இல்லையா என்று புட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாததே பெரிய தடை. ஜெர்மன் முத்திரைச் சீட்டுகள் அந்தக் குழப்பத்தை வளர்த்தே வந்திருக்கின்றன.

இத்தாலியின் பினோ கிரிஜோ விற்பனையில் பெரியது, பேச்சுக்குச் சிறியது. வியோன்யே அதற்கு நேர்மாறு. ரோன் ஆற்றங்கரையின் கோந்த்ரியூவில் 1960களில் ஒரு சில ஹெக்டேர்களாகச் சுருங்கி அழியும் நிலைக்கு வந்த வகை அது. பீச் பழமும் பூவும் கலந்த மணம், குறைந்த புளிப்பு. புளிப்பு குறைவு என்பதால் வெப்ப நாட்டுக்கு ஆகாது என்று தோன்றும். ஆனால் மணத்தின் பலத்தில் அது இந்தியாவிலும் ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

அரிக்கமேட்டு ஜாடிகள்

தமிழ்நாட்டுக் கரையில் வெள்ளை ஒயின் இறங்கியது இந்தப் பெயர்களுக்கெல்லாம் வெகு முன்பு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் மத்தியதரைக்கடல் நாடுகளின் இரு கைப்பிடி ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் பெரும் பங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடிகளும், அவற்றின் சாயலில் வேறிடங்களில் செய்த ஜாடிகளும் என்று அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் வகைப்படுத்தினார். கோஸ் ஒயின் கடல்நீர் கலந்தது. அந்தத் தீவின் கடல்நீர் கலந்த வெள்ளை ஒயினை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். அதேபோன்ற ஒயினை இத்தாலியிலேயே தயாரிக்கும் முறையைக் கேட்டோ தன் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார். உப்பு சேர்ந்த ஒயின் நெடும்பயணத்தில் எளிதில் கெடாது. செங்கடல் வெயிலையும் பருவக்காற்றையும் கடந்து வர அப்படியொரு காப்பு தேவைப்பட்டது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியனுக்கு அருந்தக் கொடுப்பதாக நக்கீரர் பாடுகிறார். அதன் நிறத்தைப் புலவர் சொல்லவில்லை. அரிக்கமேட்டு ஜாடிகளை வைத்துப் பார்த்தால், அக்காலத் தமிழ்க் கரையில் இறங்கியவற்றில் உப்புக் கரிக்கும் வெள்ளை ஒயினும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கவாத்தும் குளிர்ச்சியும்

ஒயின் திராட்சையின் மரபான எல்லை வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 50 பாகை அட்சரேகை வரை. அங்கே பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். 20 பாகையில் இருக்கும் நாசிக்கிலும் 13 பாகையில் இருக்கும் நந்தி மலையிலும் கொடி உறங்குவதே இல்லை. விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும். உறக்கத்துக்குப் பதிலாக மனிதன் கவாத்துக் கத்தியை எடுக்கிறான். ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் செய்யும் முதல் கவாத்து அடுத்த பட்டத்துக்கான கிளைகளை உருவாக்க. அதில் பழம் எதிர்பார்ப்பதில்லை. மழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாவது கவாத்துதான் பழத்துக்கு. அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: பழம் பழுப்பது ஆண்டின் மிகக் குளிர்ந்த, மிக வறண்ட மாதங்களில். ஐரோப்பாவில் கோடைக்குப் பின் பழுக்கும் திராட்சை இங்கே பனிக்காலத்தில் பழுக்கிறது. கொடியை அதன் சொந்த வேரில் விடாமல், வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற அடிச்செடியில் ஒட்டுக் கட்டுவதும் இந்தியத் தோட்டங்களின் வழக்கம்.

கர்நாடகத்தில் இதைத் தொடங்கியவர் கன்வல் குரோவர். நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபூர் அருகே, 1988இல் நிறுவிய தோட்டத்திலிருந்து 1992 முதல் ஒயின் வந்தது. ஷாம்பெய்ன் வட்டாரத்து ஜார்ஜ் வெசெல் தொடக்கத்தில் துணை நின்றார். 1990களின் நடுவிலிருந்து பொர்தோவின் மிஷெல் ரோலான் ஆலோசகரானார். அந்தத் தோட்டத்தின் பேர்பெற்ற வெள்ளை ஒயின்களில் ஒன்று வியோன்யே. மலையின் தலை 1,478 மீட்டர் உயரம். தோட்டங்கள் அடிவாரத்தில் ஏறத்தாழ 900 மீட்டரில். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக அரை பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அட்சரேகையில் இழந்ததை உயரத்தில் ஓரளவு மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது.

நாசிக்கின் கதை உணவுத் திராட்சையில் தொடங்குகிறது. தாம்சன் விதையிலாத் திராட்சை, அதிலிருந்து வந்த தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா வகைகள் அங்கே ஏற்கெனவே குவிந்து விளைந்தன. சாப்பிட இனியவை, ஒயினுக்கு மந்தமானவை. தனி மணம் கிடையாது. பழம் பெரிதென்பதால் சாறு நீர்த்திருக்கும். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய ராஜீவ் சமந்த் 1990களின் பிற்பகுதியில் நாசிக்கில் சோவின்யோன் ப்ளாங்க், ஷெனின் ப்ளாங்க் இரண்டையும் நட்டார். கலிபோர்னிய ஒயின் நிபுணர் கெரி டாம்ஸ்கி துணை செய்ய, அவரது சூலா நிறுவனத்தின் முதல் ஒயின்கள் 2000இல் வந்தன. மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சைப் பதனீட்டுக் கொள்கையை அறிவித்து வரிச்சுமையைக் குறைத்ததும் ஆலைகள் பெருகின. கர்நாடகம் 2007இல் தன் ஒயின் கொள்கையைக் கொண்டுவந்தது.

இந்த ஆலைகளுக்குள் நுழைந்தால் கண்ணில் முதலில் படுவது குளிரூட்டும் உறை போட்ட துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள். வெள்ளை ஒயின் 12 முதல் 18 பாகை செல்சியசில் மெதுவாக நொதித்தால்தான் மணம் தங்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். மாறும்போது வெப்பம் வெளிவரும். அந்த வெப்பத்தை அப்போதைக்கப்போது வெளியேற்றாவிட்டால் மணமும் அதோடு போய்விடும். பழத்தை விடியுமுன் பறிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தடையில்லா மின்சாரமும் குளிர்பதனமும் வருமுன் தக்காணத்தில் தரமான வெள்ளை ஒயின் சாத்தியமாகியிருக்காது.

ஷெனினின் வெற்றி

இந்திய மண்ணில் வென்றது உலகம் முதலில் சொல்லும் ஷார்டொனே அல்ல, ஷெனின் ப்ளாங்க். அதை அடுத்து சோவின்யோன் ப்ளாங்க். ஷெனின் லுவார் ஆற்றங்கரைக் கொடி. அங்கே வூவ்ரேயில் நுரைக்கும் ஒயின், இனிப்பற்றது, பல பத்தாண்டு தாங்கும் இனிப்பு ஒயின் என்று எல்லாம் இந்த ஒரே திராட்சையிலிருந்து வருகின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் நட்ட கொடிகளோடு இதுவும் போய்ச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. ஸ்டீன் என்ற பெயரில் அந்த நாட்டின் முதன்மைக் கொடியானது. இன்று உலகில் மிக அதிக ஷெனின் விளைவது அங்கேதான். வெயிலில் நின்றும் புளிப்பை விட்டுக்கொடுக்காத குணத்தை கேப் நிலம் ஏற்கெனவே சோதித்துக் காட்டிவிட்டது. நாசிக்கில் அது மீண்டும் நிரூபணமானது.

ஷெனினுக்கு இன்னொரு பலமும் உண்டு: விளைச்சல் தாராளம், கொடி முரண்டு பிடிக்காது. ஒரே தோட்டத்தில் முன்கூட்டிப் பறித்தால் நுரைக்கும் ஒயின், சரியாகப் பறித்தால் இலேசான இனிப்பு ஒயின், கொடியில் விட்டு வைத்தால் விருந்து முடிவில் பரிமாறும் இனிப்பு ஒயின். 2013இல் இந்தியாவுக்கு வந்த ஷாந்தோன் நிறுவனம், நாசிக் மாவட்டம் திண்டோரியில் புட்டிக்குள்ளேயே இரண்டாவது நொதித்தலை நடத்தும் ஷாம்பெய்ன் முறையில் செய்த ஒயினில் ஷார்டொனே, பினோ நுவாரோடு ஷெனினையும் சேர்த்துக்கொண்டது. ஷாம்பெய்ன் வட்டாரத்தில் பழக்கமில்லாத சேர்க்கை அது. நாசிக்கின் வெயிலோ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

சோவின்யோன் ப்ளாங்க்கின் நிலை சற்று இக்கட்டானது. முன்கூட்டிப் பறித்தால் பச்சை மிளகாய் நெடி. தள்ளிப் போட்டால் புளிப்பு போய்விடும். நடுவே சில நாட்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நாட்களைப் பிடிக்கத் தெரிந்த ஆலைகளின் சோவின்யோன் இந்திய ஒயின்களில் தரமானது. ஷார்டொனேக்கு வெயில் வேறு தண்டனை வைத்திருக்கிறது. அதன் மொட்டு சீக்கிரம் விரியும், தோல் மெல்லியது, மணம் மென்மையானது. புளிப்பு இறங்கிய ஷார்டொனேவில் எஞ்சுவது பீப்பாய் வாசனைதான். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலிய, இந்தியக் குடும்பங்கள் கூடி நடத்தும் ஃப்ராட்டெல்லி போன்ற நிறுவனங்கள் ஷார்டொனே செய்கின்றன, பரப்பு பெரிதல்ல. அதே நிறுவனத்தின் இன்னொரு முயற்சி சுவாரசியமானது: டஸ்கனியின் சிவப்புத் திராட்சையான சாஞ்சியோவேசேயைத் தோல் படாமல் பிழிந்து வெள்ளை ஒயினாக்கினார்கள். நிஃபாட் வட்டாரத்தின் ரெவெய்லோ நிறுவனம், சிசிலித் தீவின் கிரில்லோவை நட்டது. சிசிலியின் வெயிலுக்கே பழகிய கொடி தக்காணத்துக்குப் பொருந்தும் என்பது நல்ல யோசனை. பர்கண்டியை அண்ணாந்து பார்ப்பதைவிடத் தென்னித்தாலியையும் கேப்பையும் பார்ப்பது இந்தியாவுக்குப் பயன் தரும்.

வெளியே தேடாமல் உள்ளேயே உருவாக்கும் முயற்சியும் நடந்தது. பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்தின் அனாப்-எ-ஷாஹியையும் மஸ்கட் மணமுள்ள குயின் ஆஃப் வின்யார்ட்ஸையும் கலந்து அர்கா சோமாவை வெளியிட்டது. வெள்ளை ஒயினுக்கு ஏற்றது என்று பரிந்துரையும் உண்டு. ஆனால் கடையில் வாங்குபவர் பிரெஞ்சுப் பெயரைத் தேடுகிறார். அர்கா சோமா பெயர்பெற்ற புட்டி எதிலும் ஏறவில்லை.

பன்னீர் திராட்சையின் வெள்ளை ரத்தம்

தமிழ்நாட்டுக்கென்று ஒரு திராட்சை உண்டென்றால் அது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. சுருளிப்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி, சின்னமனூர் வட்டாரங்களில் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆங்கிலப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பார்வைக்குக் கருநீலம், பிறப்பில் பாதி வெள்ளை. ஸ்கியாவா கிரோசா என்ற கறுப்புத் திராட்சைக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது இது என்று மரபணு ஆய்வு உறுதி செய்திருக்கிறது. வாயில் போட்டதும் எழும் ரோஜா மணம் அந்த வெள்ளைப் பெற்றோரின் கொடை. லினலூல், ஜெரானியால் என்ற டெர்பீன் வகைச் சேர்மங்கள் அதற்குக் காரணம். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியால் உண்டு. மஸ்கட் குடும்பம் வெள்ளை ஒயின் உலகின் மிகப் பழைய குடும்பங்களில் ஒன்று. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி அந்த மணத்தை ஐந்து சதவீத ஆல்கஹாலோடு இலேசான நுரையாக்கித் தருகிறது. தேனித் தோட்டத்துப் பழத்தைத் தின்று வளர்ந்த நாக்குக்கு வெள்ளை ஒயின்களிலேயே மிகப் பழக்கமானதாகத் தோன்றக்கூடியது அதுதான்.

இந்தத் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று புவிசார் குறியீட்டையொட்டி வந்த செய்திகள் சொல்கின்றன. ஐரோப்பாவிலோ மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் உருவாகி 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பேர் பெற்றது. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது மஸ்கட் குடும்பத்தின் வேறொரு கொடியாக இருந்திருக்கலாம். ஆண்டு பிந்தையதாகவும் இருந்திருக்கலாம்.

பன்னீர் திராட்சையைத் தோல் படாமல் பிழிந்தால் வெள்ளை ஒயின் கிடைக்கும். சீனாவின் தியான்ஜினில் 1980இல் பிரான்சின் ரெமி மார்ட்டினோடு கூட்டாகத் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் இதே மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்து வெள்ளை ஒயின் செய்தது. தேனியில் அது பரவலாகாததற்குக் கொடி மட்டும் காரணமல்ல. கம்பத்தில் கவாத்து செய்து ஏறத்தாழ 120 நாளில் பழம் பறித்து, அடுத்த பட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். உணவுச் சந்தைக்கு அது வரம். ஒயினுக்கோ நிதானமாகப் பழுத்த, சர்க்கரையும் புளிப்பும் செறிந்த சிறு விளைச்சல் வேண்டும். இன்னொன்று சந்தை. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக்கின் கையில். மக்கள் வாயில் அந்தக் கடை இன்றும் ‘ஒயின் ஷாப்’தான், உள்ளே அதிகம் விற்பதோ பிராந்தி. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஒயினை விவசாயத்தின் நீட்சியாகப் பார்த்துத் தனிக் கொள்கை வகுத்த காலத்தில், தமிழ்நாட்டில் ஒயின் மற்ற மதுவோடு ஒரே கணக்கில் கிடந்தது.

ஜவ்வாது மலையின் வானம்

ஜவ்வாது மலையை இந்த வரைபடத்தில் வைத்தால் சாதகமும் பாதகமும் சேர்ந்தே தெரிகின்றன. மலைமேல் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் 12 பாகை 34 நிமிட அட்சரேகையில், 725 மீட்டர் உயரத்தில் அமைந்தது. 1960களின் இறுதியில் வானியலாளர்கள் அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு இருண்ட, தெளிந்த வானமும் ஒரு காரணம். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. அங்கே விண்மீன்களைப் பார்க்க நல்ல காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தக்காணத்தில் ஒயின் திராட்சை பழுக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும்; இரவு குளிரும்; பழத்தில் மாலிக் அமிலம் மிஞ்சும். வானியலாளர்கள் விரும்பும் வானமும் வெள்ளைத் திராட்சை விரும்பும் வானமும் ஒன்றே.

சிக்கல் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில். நாசிக்கில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வானம் வெளுத்துவிடும். அக்டோபர்க் கவாத்துக்குப் பின் தளிர் உலர்ந்த காற்றில் வளரும். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அக்டோபரில் கவாத்து செய்தால் தளிரும் பூவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும். அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட நல்ல அழைப்பு இல்லை. ஐரோப்பியக் கொடிகள் எல்லாமே இந்நோய்க்கு எளிதில் இரையாகும். ஷார்டொனேயும் சோவின்யோனும் விலக்கல்ல. கவாத்தை மார்கழிக்குத் தள்ளினால் மழை தப்பும். ஆனால் பழம் சித்திரை வெயிலில் பழுக்கும். காத்த புளிப்பெல்லாம் போய்விடும். நந்தி மலைக்கு வடகிழக்கு மழையின் தாக்கம் குறைவு. அது அங்கே கிடைத்த பேறு. ஜவ்வாதில் ஒரு வெள்ளை ஒயின் கொடியைச் சோதித்துப் பார்ப்பதென்றால் ஷெனினும் கிரில்லோவும் மஸ்கட்டும் முன்வரிசையில் நிற்கத் தகுந்தவை, ஷார்டொனே கடைசி. சாமைக்கு மருந்தே தெளிக்காமல் பழகிய சிறு விவசாயிக்கு வாரந்தோறும் மருந்தடிக்கும் பயிர் கட்டுப்படியாகுமா என்பது கொடியின் பெயரைவிடப் பெரிய கேள்வி.

சாப்பாட்டோடு

தமிழ்ச் சமையலோடு சேர்க்க வெள்ளை ஒயின்தான் பொருத்தம். மிளகாய்க் காரமும் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் கசந்துபோகும். ஆல்கஹால் கூடினால் காரம் இன்னும் எரியும். இலேசான இனிப்பு அதைத் தணிக்கும். ஆகவே மீன் குழம்பு, வத்தக்குழம்பு போன்றவற்றுக்குச் சற்றே இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ஷெனின் அல்லது ரீஸ்லிங். ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது: ஒயினின் புளிப்பு சாப்பாட்டின் புளிப்புக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒயின் தண்ணீராகத் தோன்றும். புளிக்குழம்பில் இருப்பதும் டார்டாரிக் அமிலம் என்பதால் புளிப்பு மங்கிய ஷார்டொனே அதன் முன் நிற்காது. கொத்தமல்லித் துவையல், புதினாச் சட்னி, வறுத்த நெத்திலிக்குப் பச்சை மணமுள்ள சோவின்யோன். தேங்காய்ப்பால் சேர்ந்த குருமாவுக்கும் சொதிக்கும் வியோன்யே. பலாச்சுளைக்கும் பாயசத்துக்கும் மஸ்கட்.

சென்னை வெயிலில் ‘அறை வெப்பநிலை’ என்ற ஐரோப்பிய அறிவுரை செல்லாது. சோவின்யோன், ஷெனின், மஸ்கட் வகைகளை 8 முதல் 10 பாகையிலும், ஓக் பீப்பாயில் இருந்த ஷார்டொனேயை 12 பாகை அளவிலும் பரிமாறலாம். அதைவிடக் குளிர்ந்தால் மணம் எழாது. இந்திய வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை இளமையில் குடிப்பதற்கென்று செய்தவை. புட்டியில் அச்சிட்ட அறுவடை ஆண்டைப் பார்த்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. கடையில் வெயில் படும் அலமாரியில், நின்ற நிலையில், ஆண்டுக்கணக்கில் கிடந்த புட்டியைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை. திறந்த புட்டியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.